டேங்கில் ஊற்றும் கிளீனர் எதுவரை போகும்?

என் காரில் இருப்பது போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். அதாவது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்கு வெளியே, காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கு முன்னால் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேங்கில் ஊற்றும் ஃப்யூல் சிஸ்டம் கிளீனர் வேலை செய்யுமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, ஆர்பிஎம் மேலே ஏறினால்தான் இன்ஜினுக்கு உயிர் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் ஓட்டிய காலத்தைவிட உறை போட்டு மூடி வைத்திருந்த காலம்தான் அதிகம். கிலோமீட்டர் குறைவாக இருந்தால் வாங்குகிறவருக்கு மனசு குளிர்ந்துவிடும். ஆனால் பெட்ரோல் போகிற பாதையைப் பொறுத்தவரை, ஓடாமல் நின்ற கார்தான் அதிக வில்லங்கம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும். சூடேறியதும் சரியாகிவிடும். 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்தால் ஒரு சின்னத் தயக்கம் தெரியும், அதைத் தாண்டிவிட்டால் இழுவை வந்துவிடும். இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "இன்ஜெக்டர் அடைச்சிருக்கும், ஒரு பாட்டில் கிளீனர் ஊத்திப் பாரு." அது தவறான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேய்ந்த ஸ்பார்க் பிளக், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் பலவீனமாவது, எங்கேயோ காற்று உள்ளே இழுக்கும் வேக்குவம் ஹோஸ், அழுக்குப் படிந்த ஏர்ஃப்ளோ சென்சார் எல்லாம் இதே அறிகுறியைத்தான் காட்டும். பார்க்காமல் ஊற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் அடுத்து எதைப் பார்ப்பது என்றும் தெரியாது.

அதனால் முதலில் காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு சாதாரண ஸ்கேனரை மாட்டி ஃப்யூல் டிரிம் அளவுகளைப் பார்த்தேன். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, பெட்ரோலைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தத்தின் சதவீதம்தான் ஃப்யூல் டிரிம். பூஜ்யத்திலிருந்து கூட்டியோ கழித்தோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். எங்கே கூடுகிறது என்பது அதைவிட முக்கியம். ஐடிலிங்கில் அதிகமாகக் கூட்டி, ரேஸ் செய்யச் செய்யக் குறைந்தால் வேக்குவம் லீக்கைச் சந்தேகிக்கலாம். ஐடிலிங்கில் சுமாராக இருந்து, இன்ஜின் மேல் சுமை ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை, அல்லது ஏர்ஃப்ளோ சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

என் காரில் இரண்டாவது ரகம். ஐடிலிங்கில் கூட்டல் 3 பக்கம், நெடுஞ்சாலை வேகத்தில் 9, 10. ஏர்ஃப்ளோ சென்சாரை அதற்கென்று இருக்கிற ஸ்பிரேயால் சுத்தம் செய்தேன், அளவு அசையவில்லை. பெட்ரோல் பிரஷர் சரியாக இருந்தது. சிலிண்டர் சரியாக எரியாமல் தவறும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஏறியது. அந்த சிலிண்டரின் காயிலையும் பிளக்கையும் இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டேன். மிஸ்ஃபயர் கூடவே நகர்ந்து வந்திருந்தால் குற்றவாளி காயிலோ பிளக்கோதான். அது நகரவில்லை. கம்ப்ரெஷன் நான்கிலும் கிட்டத்தட்ட சமம். மிச்சம் இருந்தது இன்ஜெக்டர். இதற்குப் பிறகுதான் கிளீனர் வாங்கப் போனேன்.

இன்ஜெக்டர் ஏன் அடைகிறது? ஓடும்போது பெட்ரோலே அதன் முனையைக் குளிர்விக்கும். கெடுதல் நடப்பது இன்ஜினை அணைத்த பிறகு. பெட்ரோல் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும். முனையில் ஒட்டியிருக்கும் துளியில் லேசான பகுதி ஆவியாகிப் போக, கனமான பகுதி அங்கேயே வெந்து, வார்னிஷ் மாதிரி ஒரு படலமாக இறுகிவிடும். இன்ஜெக்டர் அடைப்பை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கும் பெட்ரோல் சோதனையும் இந்த முறையில்தான் நடக்கிறது: 15 நிமிடம் ஓட்டம், 45 நிமிடம் சூட்டோடு நிறுத்தம், மறுபடி ஓட்டம். ஸ்போர்ட்ஸ் கார்களின் பானெட்டுக்குக் கீழே இடம் குறைவு, சூடு அதிகம். போதாததற்குச் சின்னச் சின்ன தூரம் ஓட்டி நிறுத்துகிற பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

உள்ளே படியும் கார்பனுக்கு இன்னொரு பக்கம் உண்டு. பிஸ்டன் தலையிலும் எரிஅறைச் சுவரிலும் அது கனமாகப் படிந்தால் கம்ப்ரெஷன் கொஞ்சம் கூடும், சூடும் அங்கேயே தேங்கும். ஏற்கனவே 11:1 பக்கம் கம்ப்ரெஷன் வைத்திருக்கும் இன்ஜினில் இது நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவதை, கூப்பிட்டு உட்கார வைக்கிற வேலை. நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியூ, பிளக் தீப்பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். ஓட்டுகிறவருக்கு நாக்கிங் சத்தம் கேட்காது, "முன்னாடி மாதிரி இழுக்கலையே" என்ற நினைப்பு மட்டும் வரும்.

இனி பாட்டில் விஷயம். அலமாரி நிறைய இருப்பவற்றில் பல, மண்ணெண்ணெய் ரக சால்வென்ட்டில் கொஞ்சம் மருந்து கலந்தவைதான். சுத்தம் செய்யும் பொருட்களில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று பாலிஐசோபியூட்டிலீன் அமின், சுருக்கமாக பிஐபிஏ. இது இன்ஜெக்டரையும் இன்டேக் வால்வையும் சுத்தமாக வைக்கும், ஆனால் எரிஅறையின் சூட்டைத் தாங்கி அங்கேயும் வேலை செய்வது இதற்குக் கடினம். இன்னொன்று பாலிஈதர் அமின், பிஇஏ. அதிகச் சூட்டைத் தாங்கும் என்பதால் எரிஅறைக் கார்பனையும் கரைக்கும். இதில் உலோகம் எதுவும் கிடையாது, எரிந்தால் சாம்பல் மிஞ்சாது, அதனால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் தொந்தரவு இல்லை. பாட்டிலின் முன்பக்கத்தில் "முழு சிஸ்டம் சுத்தம்", "பவர் திரும்பும்" என்று என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள். நான் நம்புவது அந்தத் தயாரிப்பின் பாதுகாப்புத் தகவல் தாளை. தயாரிப்பாளரின் தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். அதில் பாலிஈதர் அமின் இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

ஊற்றிய விதம் இதுதான். டேங்க் கிட்டத்தட்ட காலியாகும்வரை ஓட்டி, பங்க்கில் வைத்து முதலில் கிளீனரை ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை முழுசாக நிரப்பினேன். இப்படிச் செய்தால் தானாகக் கலந்துவிடும். பாட்டிலில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை மதிக்க வேண்டும். சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களின் டேங்க் 45, 50 லிட்டர்தான் இருக்கும். 75 லிட்டருக்கான பாட்டிலை அப்படியே கவிழ்த்தால் மருந்தின் அடர்த்தி கூடிவிடும். "கூட ஊற்றினால் கூட சுத்தம்" என்ற கணக்கு இங்கே எடுபடாது. எரியாத மிச்சம் பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில்தான் இறங்கும். இன்னொன்று, பெயின்ட்டில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், கறை நிற்கும்.

அந்த டேங்க்கை நகர நெரிசலில் செலவழிக்கவில்லை. ஒரு நீண்ட பயணத்துக்கு முன்பாகத்தான் ஊற்றினேன். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, கியரைக் குறைத்து, உயர்ந்த ஆர்பிஎம்மில் அவ்வப்போது ஓட்டினேன். பெட்ரோல் அதிகமாகப் பாயும்போதுதான் இன்ஜெக்டர் முனையில் மருந்தும் அதிகமாகப் பாயும், எரிஅறையிலும் கார்பன் உதிர்வதற்கான சூடு வரும். கிளீனர் கலந்த பெட்ரோலை டேங்க்கில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதில் ஒரு பயனும் இல்லை. ஓடினால்தான் அது மருந்து.

பலன்? முதல் பாதி டேங்க் வரை ஒன்றுமே தெரியவில்லை. முள் கால்வாசிக்கு இறங்கிய பிறகு காலை ஸ்டார்ட்டிங்கில் வித்தியாசம் தெரிந்தது. அந்த விட்டு விட்டு அடிப்பது குறைந்தது, ஆனால் முழுசாக நிற்கவில்லை. 2,000 ஆர்பிஎம் தயக்கம் போய்விட்டது. நெடுஞ்சாலை ஃப்யூல் டிரிம் 9, 10-லிருந்து 5 பக்கம் இறங்கியது. பிளக் ஓட்டை வழியாக போரோஸ்கோப் கேமராவை விட்டு, ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் பிஸ்டன் தலையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். முன்பு முழுசாகக் கறுப்பு. பிறகு ஓரங்களில் அங்கங்கே வெள்ளை உலோகம் தெரிந்தது, நடுவில் கறுப்பு அப்படியேதான் இருந்தது. பிக்கப் கூடியதா என்று கேட்டால், மேல் ஆர்பிஎம்மில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குதிரைசக்தி கூடியது என்று சொல்பவர்களில் பலர் புது பிளக்கும் ஏர் ஃபில்டரும் சேர்த்து மாற்றியிருப்பார்கள். தொலைந்துபோனது கொஞ்சம் திரும்பி வரலாம், இல்லாதது புதிதாக வராது.

எதிர்பாராமல் இன்னொன்றும் சரியானது, பெட்ரோல் முள். முழு டேங்க்கிலும் முக்கால் என்று காட்டிக்கொண்டிருந்தது. டேங்க்குக்குள் மிதவையோடு இருக்கும் சென்சாரின் வெள்ளித் தொடுமுனைகளில் பெட்ரோலின் கந்தகம் படிந்தால் இப்படி ஆகும். பிஇஏ அதையும் கழுவும் என்பது பலருக்குத் தெரியாது. சென்சாரை மாற்ற டேங்க்கைத் திறக்கும் முன் ஒரு பாட்டில் ஊற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

அடுத்த டேங்க்குக்கும் ஊற்றினேன். டிரிம் மேற்கொண்டு அசையவில்லை. மூன்றாவது சிலிண்டர் காலையில் இன்னும் லேசாக முனகிக்கொண்டிருந்தது. இங்கேதான் நிறையப் பேர் மூன்றாவது, நான்காவது பாட்டிலுக்குப் போவார்கள். நான் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அல்ட்ராசோனிக் சுத்தமும் ஃப்ளோ டெஸ்ட்டும் செய்கிற ஒரு இடத்தில் கொடுத்தேன். மேசையில் நான்கு கண்ணாடிக் குழாய்கள், நான்கிலும் ஒரே நேரத்தில் தெளிப்பு. மூன்று குழாய்களில் மட்டம் ஒன்றாக ஏறியது, மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டருக்கான குழாய் மட்டும் பின்தங்கியது. தெளிப்பின் வடிவத்தில் குறை இல்லை, அளவுதான் குறைவு. இன்ஜெக்டரின் வாயிலில் சுண்டுவிரல் நகத்தில் பாதி கூட இல்லாத ஒரு வலைக்கூடை இருக்கும். அதில்தான் துரு மாதிரிப் பழுப்புத் தூள் அடைத்திருந்தது. "தம்பி, இதை எந்த மருந்தும் கரைக்காது, கூடையை மாத்தறதுதான்" என்றார் அங்கிருந்த மெக்கானிக். உண்மைதான். பெட்ரோலிலிருந்து உண்டான பிசினையும் கார்பனையும்தான் டிடர்ஜென்ட் கரைக்கும். துருவும் மண்ணும் அதற்குக் கல் மாதிரி. கூடைகளையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டு மாட்டிய பிறகு டிரிம் 2-க்கு வந்தது, காலை முனகலும் நின்றது. அதோடு பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினேன். தூள் அங்கே வரை வந்திருக்கிறது என்றால் ஃபில்டரைத் தாண்டித்தானே வந்திருக்கும்.

ஒரு இன்ஜெக்டர் குறைவாகத் தெளித்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பாதிக்கப்படும் என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் சென்சாருக்கு நான்கும் கலந்த புகைதான் போகிறது. அதனால் ஈசியூ நான்குக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டும். நன்றாக இருக்கும் மூன்று சிலிண்டரும் தேவைக்கு மேல் குடிக்கும், நோயாளி மட்டும் இன்னும் பட்டினி. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தாலே இந்த நிற வேறுபாடு தெரியும்.

என் நண்பர் ஒருவரிடம் இருப்பது டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார். என் கதையைக் கேட்டுவிட்டு அவரும் அதே கிளீனரை ஊற்றினார். ஐடிலிங் நடுக்கம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. கிளீனரைக் குறை சொல்ல முடியாது. போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து, அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் நூறு, இருநூறு பார் அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வின் முதுகை ஒரு துளி பெட்ரோல் கூடத் தொடாது. ஆனால் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அதே வால்வு வழியாகத்தான் போகும். அது சூட்டில் வெந்து வெந்து கரியாக ஏறிவிடும். டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த இடத்துக்குப் போகிற வழியே இல்லை.

அவருக்குத் தீர்வு வால்நட் பிளாஸ்டிங். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக வால்வை மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, அரைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து, வேக்குவத்தால் உறிஞ்சி எடுக்கிறார்கள். ஓடு கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாது. வெளியே வந்த கரியைப் பார்த்தபோது எனக்கே பகீரென்றது. இன்ஜின் ஓடும்போதே இன்டேக்கில் அடிக்கும் ஸ்பிரே கிளீனரும் கிடைக்கிறது. கரி கனமாக ஏறிய டர்போ இன்ஜினில் அதை நான் சொல்ல மாட்டேன். பெயர்ந்து போகும் கட்டியும் திடீர்ச் சூடும் போய்ச் சேருவது டர்பைன் பக்கம்தான். கார் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்க்காமல் அதைத் தொட வேண்டாம்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காருக்கு டேங்க் கிளீனர் சுத்தமாக வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அதன் இன்ஜெக்டர் முனை எரிஅறைக்குள்ளேயே இருக்கிறது, கரி பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே பிஇஏ வேலை செய்யும். வால்வுப் பிரச்சினையை முளையிலேயே கிள்ள சில தயாரிப்பாளர்கள் இரண்டு வகை இன்ஜெக்டரையும் சேர்த்தே வைக்கிறார்கள். டொயோட்டாவின் டி-4எஸ் அப்படி, 2012-ல் வந்த டொயோட்டா 86-லும் அதுதான். உங்கள் காரில் எது என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஆக்டேன் பூஸ்டரையும் கிளீனரையும் ஒன்றாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் அளவு, அதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. எம்எம்டி கலந்த பூஸ்டரில் மாங்கனீஸ் இருக்கும், ஃபெரோசீன் கலந்ததில் இரும்பு இருக்கும். இரண்டும் பிளக் முனையில் செம்பழுப்புப் படிவை விட்டுவிடும். சுத்தம் செய்ய ஊற்றி அழுக்கை ஏற்றுகிற கதை. அதுபோல, நாள்பட நின்று கெட்டுப்போன பெட்ரோலைக் கிளீனர் உயிர்ப்பிக்காது. அதை வடித்து எடுத்துவிட்டுப் புதுசு நிரப்பிய பிறகுதான் கிளீனர்.

எத்தனை தடவை ஊற்ற வேண்டும்? நீங்கள் போடும் பெட்ரோலைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச டிடர்ஜென்ட் கட்டாயம். அது போதவில்லை என்று பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நான்கும் சேர்ந்து 2004-ல் டாப் டியர் என்ற கூடுதல் தரத்தைக் கொண்டுவந்தன. அங்கே உள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-ல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனையில், அந்தத் தரம் இல்லாத பெட்ரோலில் 19 மடங்கு அதிகப் படிவு சேர்ந்திருந்தது. அதாவது தினமும் போடும் பெட்ரோலில் நல்ல டிடர்ஜென்ட் இருந்து, காரும் அடிக்கடி நீண்ட தூரம் ஓடினால், பாட்டிலுக்குப் பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு டேங்க்குக்கும் ஊற்றுபவர்களைப் பார்த்தால், பணத்தை அந்த நல்ல பெட்ரோலில் போடலாமே என்று தோன்றுகிறது.

நான் இப்போது ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்க்கில் மட்டும் ஊற்றுகிறேன். கிளீனரின் ஒரு பகுதி எப்படியும் ஆயிலில் இறங்கும், அந்த ஆயிலை உடனே வடித்துவிட்டால் தீர்ந்தது. புது ஆயில் போட்ட கையோடு கிளீனர் ஊற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். பாதுகாத்த பழைய கார், டேங்க்குக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது என்றால் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பெயர்ந்து வருவது முதலில் அடைப்பது அதைத்தான். காரை நீண்ட நாள் நிறுத்தப் போகிறேன் என்றால் கிளீனர் ஊற்றுவதில்லை, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஃப்யூல் ஸ்டெபிலைசர் ஊற்றி, டேங்க்கை முழுசாக நிரப்பி, அது இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும் அளவுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத்தான் உறையைப் போடுகிறேன்.